மூன்றாம் எண் வண்டி

ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களிலே மோட்டார் வண்டிப் பந்தயத்தில் ஈடுபாடுடைய ஒருவரைக் கண்டு, டேல் ஏர்ன்ஹார்ட் பெற்ற வெற்றிகளுள் தலைசிறந்தது யாது என வினவினால், அவர் சிறிதும் தயங்காது விடை பகர்வார். அவருக்கு அடுத்த வீட்டிலுள்ளவர் அதே உறுதியோடு வேறொரு விடை பகர்வார். இஃது எந்த விளையாட்டிலும் உள்ளதுதான். ஆயினும் இங்கே ஒரு புதுமை உண்டு. அவர்கள் கூறும் விடைகளிற் சில, அவ்வீரரின் வெற்றிப் பட்டியலில் இடம்பெறாதவை. ஒன்று, ஆண்டுக் கணக்கிற் சேராத தனிப் பந்தயம். மற்றொன்று, அவர் ஆறாவதாக வந்த பந்தயம். பிறிதொன்றில் அவர் முப்பத்தொன்றாவதாக வந்தார். அதனையும் வெற்றியென்றே அவர்கள் சாதிப்பர்.

ஏடு கூறும் கணக்கு வேறு. நாஸ்கார் என்னும் பந்தயச் சங்கத்தின் முதல்தரப் போட்டிகளில் ஏர்ன்ஹார்ட் 76 முறை வென்றார். அக்காலத்தில் ஓராண்டில் நடைபெற்ற பந்தயங்கள் அனைத்திலும் பெற்ற புள்ளிகளைக் கூட்டி வழங்கப்பட்ட வாகையர் பட்டத்தை 1980, 1986, 1987, 1990, 1991, 1993, 1994 ஆகிய ஏழு ஆண்டுகளிற் பெற்றார். ஏழு முறை அப்பட்டம் பெற்றோர் அவரைத் தவிர ரிச்சர்ட் பெற்றியும் ஜிம்மி ஜோன்சனும் மட்டுமே. வெற்றிகளின் தொகையை மாத்திரம் நோக்கினால், 200 வெற்றிகள் பெற்ற பெற்றி உள்ளிட்ட பலர் அவருக்கு மேலே நிற்பர். தொகையிற் பின்னிற்கும் ஒருவர் நினைவில் முன்னிற்பது எவ்வாறு என்பதே ஆராயத்தக்கது.

அதற்கு முன்னர், ஸ்டொக் கார் என்பது யாது என்பதை நேயர்கள் அறிதல் வேண்டும். பந்தயத்துக்கென்றே தனி வடிவில் அமைத்த தாழ்ந்த, கூரையற்ற வண்டியன்று அது. வீதியில் ஓடும் செவர்லே, போர்ட் முதலிய வண்டிகளின் தோற்றத்தையே உடையது. தொடக்கத்தில் உண்மையாகவே கடையில் வாங்கிய வண்டிகளையே ஓட்டினர். காலப்போக்கில் வெளித்தோற்றம் மாத்திரம் எஞ்ச, உள்ளே யாவும் பந்தயத்துக்கென மாறின. 1920 முதல் 1933 வரை அந்நாட்டில் மதுவிலக்கு நிலவியபோதும், அதன் பின்னரும், மலைப்பகுதிகளிற் கள்ளச்சாராயம் காய்ச்சியோர் அதனை இரவோடிரவாக நகரங்களுக்குக் கடத்தினர். காவலரிடம் அகப்படாது ஓட வேண்டுமாயின் வண்டியின் இயந்திரம் வலுவாதல் வேண்டும். ஓட்டுபவன் கைதேர்ந்தவனாதல் வேண்டும். இத்தகையோருட் சிலர் பின்னர் பந்தயத் திடலுக்கு வந்தனர். புளோரிடா மாநிலத்து டேற்றோனாக் கடற்கரையில் பில் பிரான்ஸ் என்பார் இவர்களை ஒழுங்குபடுத்தி 1948 இல் நாஸ்கார் சங்கத்தை நிறுவினார்.

காண்போர் தம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியைப் போன்ற ஒன்றே திடலில் மணிக்கு இருநூறு மைல் வேகத்தில் ஓடுகிறது. ஓட்டுபவரும் தம்மைப் போன்ற ஆலைத் தொழிலாளரின் மகன். இந்த விளையாட்டில் இரசிகர் கொள்ளும் பற்றுக்கு வேர் இங்கேதான் உள்ளது.

வட கரோலினா மாநிலத்துக் கனாப்பொலிஸ் என்னும் ஊர் பஞ்சாலையால் வளர்ந்த ஊர். அங்கே 1951 ஏப்ரில் 29 ஆம் நாள் ஏர்ன்ஹார்ட் பிறந்தார். தந்தையார் ரல்ப் ஏர்ன்ஹார்ட், சிறு மண் திடல்களிற் பந்தயம் ஓட்டியே குடும்பத்தைக் காத்தவர். 1956 இல் நாஸ்காரின் ஒரு பிரிவில் வாகையர் பட்டம் பெற்றவர். மகன் படிப்பைத் தொடர வேண்டுமென்பது தந்தையின் விருப்பம். மகனோ ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைத் துறந்தார். இக்காரியத்தில் அவரைப் பாராட்டுவதற்கில்லை. அவரும் பிற்காலத்தில் அதனை எண்ணி வருந்தியதாகவே கூறுவர். தந்தை 1973 இல், நாற்பத்தைந்து வயதில், மாரடைப்பால் மறைந்தார். மகன் இரும்பு ஒட்டும் வேலையும் ரயர் பூட்டும் வேலையும் பார்த்து, கடன் வாங்கிப் பந்தயம் ஓட்டிய காலம் அது.

முதல்தரப் போட்டிகளில் அவர் முழுமையாக இறங்கிய ஆண்டு 1979. அவ்வாண்டு ஏப்ரில் முதலாம் நாள், தெனசி மாநிலத்துப் பிரிஸ்டல் திடலில் முதல் வெற்றி கிட்டியது. அடுத்த ஆண்டே வாகையர் பட்டம். புதுமுக வீரர்க்குரிய பரிசையும் வாகையர் பட்டத்தையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒருவர் பெற்றது அதுவே முதன்முறை. இன்னொரு செய்தியும் இவ்விடத்திற் குறிக்கத்தக்கது. டேற்றோனா 500 என்னும் பெரும் பந்தயம் தொடக்கம் முதல் முடிவு வரை தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டப்பட்டது அதே 1979 இலேதான். அதுவரை தொலைவிலிருந்தோர்க்கெல்லாம் வானொலியே கண்ணாக இருந்தது. ஆதலால், அவருடைய ஓட்டத்தை முதலாண்டிலிருந்தே தம் கண்ணாற் கண்டவர்கள் மிகப் பலர். நினைவு இத்துணை விரிந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி இரசிகர்கள் போற்றும் நிகழ்ச்சிகளுக்கு வருவோம். 1987 மே 17 ஆம் நாள், சார்லட் நகரத் திடலில், வெற்றி வீரர்கள் மட்டும் பங்குகொள்ளும் சிறப்புப் பந்தயம் நடைபெற்றது. ஆண்டுப் புள்ளிக் கணக்கில் இது சேராது. பரிசுப் பணம் மாத்திரம் உண்டு. பந்தயம் மூன்று பகுதிகளாக ஓடப்பெற்றது. இறுதிப் பகுதி பத்தே சுற்றுகள். முதலிரு பகுதிகளிற் பெரும்பாலும் முன்னே நின்றவர் பில் எலியற். இறுதிப் பகுதி தொடங்கியதும் முன்னணியில் நேர்ந்த மோதலில் ஏர்ன்ஹார்ட் இடைபுகுந்து முதலிடத்தைப் பற்றிக்கொண்டார். எலியற் துரத்தி வந்து பின்புறத்தில் இடித்தார். ஏர்ன்ஹார்ட்டின் வண்டி பாதையை விட்டு விலகி, பார்வையாளர் மேடைக்கு எதிரே இருந்த புற்றரையிற் புகுந்தது. அந்த வேகத்திற் புல்லிற் புகும் வண்டி சுழன்று போதலே இயல்பு. ஆனால் அது சுழலவில்லை. புல்லையும் மண்ணையும் வாரியிறைத்துக்கொண்டு நேரே ஓடி, மீண்டும் பாதையிலேறி, எலியற்றுக்கு முன்னதாகவே வந்து நின்றது. முதலிடம் கைநழுவவில்லை, பந்தயமும் அவருக்கே ஆயிற்று.

இதனை இரசிகர்கள் புல்லிலே முந்திய முந்தல் என்று பெயரிட்டு அழைப்பர். உண்மையை நோக்கின் அங்கே முந்துதல் என்பது நிகழவேயில்லை. புல்லில் இறங்கும்போதும் அவரே முதலில் நின்றார், ஏறும்போதும் அவரே. பிழையான பெயர் நிலைத்துவிட்டது. திருத்துவோரும் உளர்; திருத்தத்தைக் கேட்போர்தாம் இலர். அவ்வண்டி கறுப்பு என எண்ணுவோரும் பலர். அவரது வண்டி கறுப்பு நிறம் பெற்றது 1988 இலேயே. அன்று புல்லில் ஓடிய வண்டி நீலமும் மஞ்சளும் கலந்தது. மக்கள் நினைவு நிகழ்ச்சிக்குத் தானே வண்ணம் தீட்டிக்கொள்கிறது.

கறுப்பு வண்டியும், அதன் மீது சாய்த்தெழுதிய மூன்று என்னும் எண்ணும், ஓட்டுநரின் கருங்கண்ணாடியும் சேர்ந்து அவருக்கு ஒரு தோற்றத்தைக் கொடுத்தன. மிரட்டுபவர் எனப் பொருள்படும் பட்டப்பெயர் வழங்கலாயிற்று. பெயர் பொருத்தமானதே. வழிவிடாத வண்டியைப் பின்னிருந்து மெல்ல இடித்து விலக்குதல் அவர் கைக்கொண்ட முறை. இதனால் அவரைப் போற்றியோர் எத்துணையரோ, அவரை வெறுத்தோரும் ஏறக்குறைய அத்துணையர். அறிமுகத்தின்போது அவர் பெயர் சொல்லப்பட்டதும் ஆரவாரமும் கூச்சலும் ஒருங்கே எழும்.

இதற்குப் பிரிஸ்டல் திடலே சான்று. அது ஏறத்தாழ அரை மைல் சுற்றளவுடைய சிறு திடல், கிண்ணம் போன்றது. 1995 ஓகஸ்ட் மாதத்து இரவுப் பந்தயத்திலே, இறுதிச் சுற்றில் முதலில் ஓடிய ரெறி லபொன்ரியின் வண்டியை ஏர்ன்ஹார்ட் பின்னிருந்து இடித்தார். லபொன்ரியின் வண்டி பக்கவாட்டிற் சறுக்கி நசுங்கியபோதும் முடிவுக் கோட்டை முதலிற் கடந்தது. நான்காண்டுகள் கழிந்து, 1999 ஓகஸ்ட் மாதத்தில், அதே திடலில், அதே இருவர், அதே இறுதிச் சுற்று. புது ரயர்களோடு விரைந்து வந்த லபொன்ரி முந்திச் சென்ற சிறிது நேரத்தில் ஏர்ன்ஹார்ட்டின் வண்டி அவரை இடித்தது. இம்முறை லபொன்ரி சுழன்று நின்றார், வெற்றி ஏர்ன்ஹார்ட்டுக்கு. அவரைச் சற்றே உலுக்க எண்ணியதன்றிச் சுழற்ற எண்ணவில்லை என்றார் ஏர்ன்ஹார்ட். கூட்டத்தினர் எழுப்பிய வெறுப்பொலி நெடுநேரம் அடங்கவில்லை. இவ்வெற்றியைத் தலைசிறந்ததெனக் கூறும் இரசிகர் இன்றும் உளர். அதனை ஏற்பது கடினம். அவருடைய திறமைக்கு வேறு சான்றுகள் நிரம்ப இருக்க, இதனை முன்னே வைப்பது அவருக்கே சிறுமை தருவதாகும்.

மறு தட்டில் வைக்கத்தக்கது 1996 ஆம் ஆண்டு நிகழ்ச்சி. அவ்வாண்டு ஜூலை மாத இறுதியில், அலபாமா மாநிலத்து டலடேகாத் திடலில் நேர்ந்த கொடிய விபத்தில் அவருடைய காறையெலும்பும் மார்பெலும்பும் முறிந்தன. பதினான்கே நாட்களில் நியூ யோர்க் மாநிலத்து வோட்கின்ஸ் கிளென் திடலுக்கு வந்தார். அது வளைவு நெளிவான பாதை. இடமும் வலமும் மாறி மாறித் திருப்ப வேண்டும். கியரை ஓயாது மாற்ற வேண்டும். முறிந்த எலும்போடு அவர் தகுதியோட்டத்தில் எல்லாரினும் விரைந்தோடி, அத்திடலின் வேகச் சாதனையையும் முறியடித்து, முதல் வரிசையிடத்தைப் பெற்றார். பந்தயத்தில் ஆறாவதாக முடித்தார். ஏட்டில் அது ஆறாமிடமே.

இனி, இக்கதையின் நடுநாயகமான டேற்றோனா. 1959 இல் திறக்கப்பட்ட அத்திடல் இரண்டரை மைல் சுற்றளவுடையது. வளைவுகளில் பாதை 31 பாகை சாய்ந்து, வண்டி சுவரில் ஓடுவது போலத் தோன்றும். இருநூறு சுற்றுகள் சேர்ந்தால் ஐந்நூறு மைல். ஆண்டின் தொடக்கத்தில், பெப்ரவரி மாதத்தில் நடைபெறும் இந்தப் பந்தயத்தை வெல்லாத வீரன் எத்தனை பட்டம் பெற்றாலும் குறையுடையவனே என்பது அங்குள்ளோர் கருத்து. ஏர்ன்ஹார்ட் அத்திடலிற் பலவகைப் போட்டிகளிலும் வென்ற வெற்றிகள் மொத்தம் 34. வேறெவரும் அங்கே அத்தனை வென்றதில்லை. ஆனால் அந்த ஒன்று மாத்திரம் பத்தொன்பது ஆண்டுகள் அவர் கைக்கு எட்டவில்லை.

எட்டாத விதங்களும் விந்தையானவை. 1986 இல் முடிவுக்கு மூன்று சுற்றுகள் இருக்கையிற் பெற்றோல் தீர்ந்தது. 1993 இல் கடைசிச் சுற்றில் டேல் ஜரற் முந்திச் சென்றார். நான்கு முறை இரண்டாமிடம். இவை யாவினும் கொடியது 1990 ஆம் ஆண்டுப் பந்தயம். அன்று 200 சுற்றுகளில் 155 சுற்றுகள் அவரே முன்னே ஓடினார். கடைசிச் சுற்றின் கடைசி வளைவுகளுக்கு வந்துவிட்டார். பாதையிற் கிடந்த உலோகத் துண்டொன்று ரயரைக் கிழித்தது. வண்டி மேலே விலக, டெரிக் கோப் என்னும், அதுவரை ஒரு வெற்றியும் பெறாத இளைஞர், கீழ்ப்புறத்தால் நுழைந்து வென்றார். கிழிந்த ரயரை வண்டி உரிமையாளர் ரிச்சர்ட் சில்ட்ரஸ் தம் பட்டறைச் சுவரில் மாட்டி வைத்தார் என்பர். அவ்வாண்டு இறுதியில் வாகையர் பட்டம் ஏர்ன்ஹார்ட்டுக்கே கிடைத்தது.

1997 இல் முடிவுக்குப் பத்துப் பன்னிரண்டு சுற்றுகள் இருக்கையில், அவருடைய வண்டி சுவரை உரசி, பிற வண்டிகளோடு மோதி, கவிழ்ந்து உருண்டு, மீண்டும் சக்கரங்களில் வந்து நின்றது. வழக்கப்படி அவரை மருத்துவ வண்டியில் ஏற்றினர். அங்கிருந்து திரும்பிப் பார்த்தபோது, தம் வண்டியின் நான்கு சக்கரங்களும் உரிய இடத்திலிருப்பது தெரிந்தது. இறங்கி நடந்தார். வண்டியை இழுத்துச் செல்ல வந்தவரிடம் இயந்திரத்தைக் கிளப்பிப் பார்க்கச் சொன்னார். அது கிளம்பிற்று. அவரை வெளியேற்றிவிட்டுத் தாமே ஏறியமர்ந்து, நசுங்கிய வண்டியை முடிவு வரை ஓட்டினார். இதுவே அந்த முப்பத்தொன்றாமிடம். இரசிகர்கள் இதனை வெற்றிகளோடு வைத்து எண்ணுவதன் காரணம் இப்போது விளங்கும். தோற்ற பின்னர் ஒருவர் என் செய்தார் என்பதும் அவர்கள் கணக்கிற் சேர்கிறது.

இருபதாம் முயற்சி 1998 பெப்ரவரி 15 ஆம் நாள். அப்போது அவர்க்கு அகவை நாற்பத்தாறு. அதற்கு முன் நடைபெற்ற 59 பந்தயங்களில் அவர் ஒன்றேனும் வென்றதில்லை. காலம் கடந்துவிட்டதெனப் பலர் பேசினர். பந்தயத்துக்கு முந்திய நாள், சக்கர நாற்காலியில் வந்த ஆறு வயதுச் சிறுமியொருத்தி அவரைச் சந்தித்து, ஒரு சத நாணயத்தைக் கையிற் கொடுத்து, நாளை வெல்வீர்கள் என்றாள். அவர் அதனைத் தம் வண்டியின் முன்தட்டிற் பசையிட்டு ஒட்டிக்கொண்டார். எவரையும் இடித்து விலக்கும் மனிதர் ஒரு சதத்தை நம்பினார்.

அன்று 107 சுற்றுகளில் அவர் முன்னே ஓடினார். கடைசி 61 சுற்றுகளில் இடைவிடாது. முடிவு நெருங்கிய வேளையிற் பின்னே இரு வண்டிகள் மோதிச் சுழல, எச்சரிக்கைக் கொடியும், இன்னும் ஒரு சுற்றே உண்டெனக் காட்டும் வெள்ளைக் கொடியும் ஒருங்கே எழுந்தன. அக்காலத்து விதிப்படி, அக்கொடிகளை முதலில் அடைபவரே வென்றவராவார். எஞ்சிய சுற்று மெல்லச் செல்லும் சடங்கே. பொபி லபொன்ரி துரத்தி வந்தார். ஏர்ன்ஹார்ட் முதலில் அடைந்தார்.

அதன் பின் நிகழ்ந்தது அந்த விளையாட்டில் அதுவரை காணாதது. வண்டிகள் தரித்து எண்ணெயும் ரயரும் பெறும் ஒழுங்கையில் அவர் மெல்ல வருகையில், எல்லாக் குழுக்களையும் சேர்ந்த பணியாளர் வரிசையாக வெளியே வந்து நின்று, சன்னலினூடே கைநீட்டி ஒருவர் பின் ஒருவராக அவர் கையைப் பற்றினர். அவர்களுட் பலர் அவரால் இடிபட்ட வண்டிகளைப் பழுது பார்த்தவர்கள். பின்னர் அவர் வண்டியைப் புற்றரையிற் செலுத்திச் சுழற்றினார்; சக்கரச் சுவடு மூன்று என்னும் எண் போல அமைந்தது. கூட்டத்தினர் இறங்கி, அப்புல்லைப் பெயர்த்து எடுத்துச் சென்றனர். செய்தியாளர் முன் வந்தபோது அவர் ஒரு பொம்மைக் குரங்கைத் தூக்கி எறிந்தார். நீங்காத் தொல்லையை முதுகிலேறிய குரங்கு என்பது அமெரிக்கர் வழக்கு. நம்மவர் பிடித்த சனி விட்டது என்றிருப்பர்.

ஏட்டிலுள்ள கடைசி வெற்றியை விளக்கக் காற்றின் இயல்பைச் சிறிது கூற வேண்டும். விரைந்தோடும் வண்டி தனக்கு முன்னுள்ள காற்றைப் பிளந்து செல்கிறது. அதன் பின்னே காற்றழுத்தம் குறைந்த ஓரிடம் உண்டாகிறது. அவ்விடத்தில் நுழைந்து ஓடும் இரண்டாம் வண்டிக்குத் தடை குறைவு. அதனால் முன்வண்டியைப் பின்னிழுக்கும் தடையும் குறைகிறது. ஆகவே தனித்தோடும் ஒரு வண்டியினும் சேர்ந்தோடும் இரண்டு விரைவானவை. டலடேகா, டேற்றோனா போன்ற பெருந்திடல்களில் வேகம் அளவு கடந்ததனால், 1988 முதல் இயந்திரத்துட் செல்லும் காற்றைக் குறைக்கும் துளைத்தகடு ஒன்று பொருத்தப்பட்டது. எல்லா வண்டிகளின் ஆற்றலும் ஏறத்தாழ ஒன்றாயிற்று. முப்பது நாற்பது வண்டிகள் ஒட்டிக்கொண்டு ஒரே திரளாக ஓடலாயின. அத்திரளில், துணையின்றி வரிசையை விட்டு விலகியவன் பின்தள்ளப்படுவான்.

2000 ஒக்டோபர் 15 ஆம் நாள், டலடேகாவில் ஐந்து சுற்றுகளே எஞ்சியிருந்தபோது, ஏர்ன்ஹார்ட் பதினெட்டாமிடத்தில் இருந்தார். அங்கிருந்து வெல்லுதல் இயலாதென்றே எவரும் எண்ணுவர். கெனி வொலஸ் அவர் பின்னே ஒட்டி வந்து உந்தினார். வண்டிகளுக்கிடையே திறந்து திறந்து மூடும் இடைவெளிகளில் நுழைந்து நுழைந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து, முடிவுக் கோட்டில் அவர் முதல்வராக நின்றார். அவர் காற்றைக் கண்ணாற் காண வல்லவர் என இரசிகர் கூறுவது வழக்கம். அன்று எவரையும் இடித்துத் தள்ளி அவர் வெல்லவில்லை. அவரை வெறுத்தோரும் எழுந்து நின்ற வெற்றி அது. புகழத்தக்கது இதுவென்று துணிந்து கூறலாம். அது எழுபத்தாறாவது வெற்றி.

நான்கு திங்கள் கழிந்து, 2001 பெப்ரவரி 18 ஆம் நாள், டேற்றோனா 500 இன் இறுதிச் சுற்று. முதலில் ஓடியவர் மைக்கல் வோல்ற்றிப். அதற்கு முன் 462 முறை ஓடியும் ஒரு புள்ளிப் பந்தயத்திலேனும் வெல்லாதவர். இரண்டாவது ஏர்ன்ஹார்ட்டின் மகன். அவ்விருவர் ஓட்டிய வண்டிகளும் ஏர்ன்ஹார்ட்டுக்கே உரியவை. அவரோ சில்ட்ரசின் கறுப்பு வண்டியில் மூன்றாவதாக, பின்வரும் திரளுக்கு இடங்கொடாது ஓடிக்கொண்டிருந்தார். கடைசி வளைவில் அவரது வண்டி பிற வண்டியொன்றோடு தொட்டுச் சுவரில் மோதிற்று. பார்வைக்கு அது பெரிய மோதலன்று. 1997 இல் உருண்டது எவ்வளவோ கொடியதாகத் தோன்றிற்று. ஆனால் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து அவர் உயிர் நீத்தார். அகவை நாற்பத்தொன்பது. வோல்ற்றிப் வென்றார், மகன் இரண்டாவதாக வந்தார். அந்த வெற்றியையும் தந்தையின் வெற்றிகளோடு சேர்த்தெண்ணும் இரசிகர் பலர். முதன்முறையாக அவர் பிறர்க்காகப் பின்னே நின்றார் என்பது அவர்கள் கொள்கை.

தலையும் கழுத்தும் முன்னே வீசுண்டு போகாது தடுக்கும் தோட்பட்டிக் கருவி அப்போதே இருந்தது. அவர் அதனை விரும்பாதவர், பலரும் விரும்பவில்லை. அவ்வாண்டு ஒக்டோபரில் நாஸ்கார் அதனைக் கட்டாயமாக்கிற்று. மோதலின் வேகத்தைத் தாங்கி ஒடுங்கும் சுவர்கள் 2002 இல் இண்டியானாப்பொலிஸ் திடலில் முதலில் அமைந்து பின் எங்கும் பரவின. அதன் பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக முதல்தரப் பந்தயத்தில் எந்த ஓட்டுநரும் உயிரிழக்கவில்லை.

அவர் மறைந்த மூன்றாம் வாரம், மார்ச் 11 இல், அற்லாந்தாவிற் பந்தயம். ஓராண்டுக்கு முன் அதே திடலில் ஏர்ன்ஹார்ட் பொபி லபொன்ரியை நொடியில் நூறில் ஒரு பங்கு இடைவெளியில் வென்றிருந்தார். இப்போது அவரது இடத்தில் அமர்ந்தவர் கெவின் ஹார்விக். முதல்தரப் போட்டியில் அது அவருக்கு மூன்றாவதே. வண்டிக்கு வெள்ளை நிறம் பூசி, எண்ணையும் 29 என மாற்றியிருந்தனர். ஜெப் கோர்டனை அவர் நொடியில் ஆயிரத்தில் ஆறு பங்கினால் வென்றார். வென்றதும் வண்டியை எதிர்த்திசையில் திருப்பி, மூன்று விரல்களைச் சன்னலுக்கு வெளியே உயர்த்திக்கொண்டு வலம் வந்தார். அவ்வாண்டு முழுவதும், ஒவ்வொரு பந்தயத்தின் மூன்றாம் சுற்றிலும், திடல் நிரம்பிய மக்கள் எழுந்து மூன்று விரல்களை உயர்த்தினர். ஒலிபரப்பாளர் அச்சுற்று முடியும் வரை பேசாதிருந்தனர். முன்னாளில் அவரைக் கூச்சலிட்டு இகழ்ந்தோரின் கைகளும் அவற்றுள் இருந்தன.

மூன்றாம் எண்ணை முதல்தரப் பந்தயங்களில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் எவரும் தாங்கவில்லை. 2014 இல் சில்ட்ரஸ் அதனைத் தம் பேரன் ஒஸ்ரின் டிலனுக்கு வழங்கினார். தகாத செயலென வருந்திய இரசிகர் உளர்; அவ்வெண் மீண்டும் ஓடக் கண்டு கண்ணீர் விட்டோரும் உளர். 2018 பெப்ரவரி 18 ஆம் நாள், அவர் மறைந்த அதே நாளில், அவர் வென்று இருபது ஆண்டுகள் நிறைந்த வேளையில், டிலன் டேற்றோனா 500 ஐ வென்றார். இருநூறு சுற்றுகள் முடிந்தும் முடிவு கிட்டாது பந்தயம் சில சுற்றுகள் நீண்டது. கடைசிச் சுற்றில் முதலில் ஓடியவரைப் பின்னிருந்து இடித்து, அவர் சுவரை நோக்கிச் சறுக்க, டிலன் முன்னே சென்றார். அன்று அவர் முன்னே ஓடிய சுற்று அது ஒன்றே. 1998 இல் ஏர்ன்ஹார்ட் வெற்றி மேடையில் நின்றபோது எடுத்த நிழற்படத்தில், அவருக்கருகே நிற்கும் ஏழு வயதுச் சிறுவன் இந்த டிலனே.